சஷ்டிகா வளர்த்த குழி

கல்லாங்காட்டுப்புதூரில் பிள்ளைகள் நாய் வளர்த்தார்கள், கோழிக்குஞ்சு வளர்த்தார்கள், ஊர்த்தலைவர் வையாபுரியின் மூத்த பேரன் ஓர் ஓணானை நூலில் கட்டி வளர்த்து அது செத்ததும் மூக்கொழுக அழுதான். ஆனால் ஒரு குழியை வளர்த்தவள் நாச்சிமுத்துவின் மகள் சஷ்டிகா ஒருத்திதான், அதுவும் எந்தக் குழியை என்றால், அவளுடைய தம்பியை விழுங்கிய அதே குழியை.

குழி எப்படி நடந்து வரும் என்று கேட்கிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். அந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அது என்ன தின்னும், ராத்திரியில் சத்தம் போடுமா, யாராவது விழுந்தால் யார் பொறுப்பு, இவைதான் அவர்கள் கேட்டவை. பிழைப்பைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

நாச்சிமுத்து ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிறவன். கண்ட கண்ட மாநிலமெல்லாம் போய் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டு, பண்டிகைக்கு வந்த இடத்தில் தன் காட்டிலும் ஒரு போர் போட்டுப் பார்த்தான். துளைக்கத் துளைக்கத் தண்ணீர் வரவில்லை, வெள்ளைப் புகைதான் வந்தது, பாறைமாவு பறந்து மைனாவதியின் தலையெல்லாம் நரைத்தது போலாகி புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். தண்ணீர் வராத போருக்கு மேல்மண் சரியாமல் இருக்க இறக்கிய குழாயை அப்படியே விட்டுவைக்க யாருக்கும் மனசு வராது, உருவி அடுத்த காட்டுக்குக் கொண்டுபோவதுதான் தொழில் வழக்கம், நாச்சிமுத்துவும் உருவினான். குழியின் வாயில் ஒரு சாக்கைப் போட்டு, சாக்கின் மேல் ஒரு கல்லை வைத்தான். மறுநாள் காலையில் கல்லை யாரோ எதற்கோ எடுத்திருந்தார்கள். இரண்டு வயது மகிழன் சாக்கின் மேல் நடந்தான்.

அதன்பிறகு நடந்ததை நாடே பார்த்தது. கேமராக்கள் வந்தன, கயிறுகள் இறங்கின, பக்கத்தில் இன்னொரு பள்ளம் தோண்டினார்கள், பாறை வந்தது, மழை வந்தது. முதல் நாளெல்லாம் நாச்சிமுத்து குழியின் வாயில் குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தான், கை எதையும் தொடவில்லை. உள்ளேயிருந்து வந்த அழுகை இறங்கி இறங்கி ஒரு நேரத்தில் நின்றது. கடைசியில் ஒரு துணி மூட்டையைக் காட்டினார்கள், மைனாவதியை அதைப் பிரித்துப் பார்க்க விடவில்லை. குழியில் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஊரில் திறந்து கிடக்கும் போர்க்குழிகளையெல்லாம் மூட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார், ஊரும் எல்லாவற்றையும் மூடியாயிற்று என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அதிகாரி சந்தோஷமாகத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம், பள்ளிக்கூடம் விட்டு சஷ்டிகா காட்டு வழியாக வரும்போது, பின்னால் யாரோ வருவது போலிருந்து திரும்பிப் பார்த்தாள். தடத்தின் நடுவில் ஒரு குழி இருந்தது. சின்னப் பிள்ளைக்குச் சோறு போடும் தட்டு அகலம், உள்ளே ஒரே இருட்டு. அவள் நடந்தால் அது நகர்ந்தது, அவள் நின்றால் அது நின்றது, ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணை நனைந்த நாய் மாதிரி உதறிக்கொண்டது. அவள் கையிலிருந்த கடலைமிட்டாயில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை உள்ளே போட்டாள். அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் வெகு நேரம் கழித்து வந்தது, அதன்பிறகு குழி அவள் செருப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது.

மைனாவதி வாசலில் துவரை காயவைத்துக்கொண்டிருந்தாள். குழியைக் கண்டதும் மகளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்கிருந்துடி கூட்டியாந்தே இதை?"

"அதுவாத்தான் வந்துச்சும்மா."

"அது என்னன்னு தெரியுமா உனக்கு? நம்ம மகிழனை..."

"தெரியும்மா. அது வேணும்னு பண்ணலம்மா. அன்னிக்கு அதை யாருமே மூடல."

வீட்டுக்குள் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த நாச்சிமுத்து இதைக் கேட்டான். அந்த ஒரு வருஷமாக அவன் ரிக்குக்கும் போகவில்லை, காட்டுக்கும் போகவில்லை, யாரிடமும் நின்று பேசவுமில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சஷ்டிகா குழிக்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள். வளர்க்கிற பிராணி என்றால் கழுத்துப்பட்டி வேண்டுமே என்று வீடெல்லாம் தேடி, ஆடியில் புதுக்கயிறு கட்டியபோது மகிழனின் இடுப்பிலிருந்து கழற்றி மைனாவதி பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த பழைய சிவப்பு அரைஞாண் கயிற்றை எடுத்துவந்து, குழியின் வாயைச் சுற்றி வைத்துப் பார்த்தாள். நூலளவு கூடவுமில்லை, குறையவுமில்லை, சரியாக இருந்தது. மைனாவதி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் சோறு போடும்போது ஒரு கவளத்தை உருட்டி, யாரும் பார்க்காத மாதிரி, வாசலில் கிடந்த குழிக்குள் போட்டாள். அன்றிலிருந்து தினமும் போட்டாள், மகிழனுக்குப் பிடித்த பருப்பும் நெய்யும் பிசைந்து போட்டாள்.

ஊர் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. முதலில் கதவைச் சாத்தினார்கள், அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், அப்புறம் வழியில் கண்டால் தாண்டிப் போனார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, இது நிலமா கால்நடையா என்று தெரியாமல் திண்டாடினார், நிலம் என்றால் சர்வே எண் வேண்டும், இது காலையில் ஓர் எண்ணிலும் மாலையில் ஓர் எண்ணிலும் இருக்கிறதே என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். கால்நடை மருத்துவர் டார்ச் அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பூச்சிமருந்து எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அதை வகுப்புக்கு வெளியே செருப்புகளோடு இருக்கச் சொன்னார், சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் செருப்புகள் குறைந்தன, கணக்குப் பரீட்சைத் தாள்களும் குறைந்தன, செருப்புக்கு மட்டும் பொட்டு காரணமில்லை என்று சஷ்டிகா சத்தியம் செய்தாள். டிவிக்காரர்களும் ஒருநாள் வந்தார்கள், குழி நகர்வதைப் படமெடுத்தார்கள், போட்டுப் பார்த்துவிட்டு, கிராபிக்ஸ் என்று சிரிப்பார்கள் என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

பழகிய பிறகு பயன்படுத்தத் தொடங்கினார்கள். சஷ்டிகாவைத் தெருமுனையில் கண்டால் போதும், "சித்தெ நில்லு கண்ணு" என்று ஓடிவந்து, கல்யாண வீட்டு எச்சில் இலைகளை, காலாவதியான பூச்சிமருந்து டப்பாவை, கண்ணாடி உடைந்த சாமி படத்தை, மருமகளுக்குத் தெரியாமல் மாமியார் செய்வித்த செய்வினைத் தகட்டை, மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் உடைத்த பாத்திரத்தை, எல்லாவற்றையும் பொட்டுக்குள் போட்டார்கள். பொட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அது ஒன்றே ஒன்றுக்குத்தான் பயந்தது, குழந்தைகளுக்கு. ரேஷன் கடை வாசலில் ஒரு கைக்குழந்தை தவழ்ந்து தவழ்ந்து அதை நோக்கிப் போக, வரிசையில் நின்ற பெண்களெல்லாம் அலறினார்கள், அவர்கள் அலறுவதற்கு முன்பே குழி சடாரென்று பின்வாங்கி, வேப்பமரத்தடிக்குப் போய், வளையல் அளவுக்குச் சுருங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. சஷ்டிகா பக்கத்தில் உட்கார்ந்து அதன் ஓரத்தைத் தடவிக்கொடுத்தாள். அங்கே இருந்த தாய்மார்கள் எல்லோருமே அதைப் பார்த்தார்கள், பார்த்ததைப் பிற்பாடு யாரும் சொல்லவில்லை.

வினை வேறு இடத்திலிருந்து வந்தது. விடுமுறையில் சஷ்டிகா பொட்டுவை மேய்ச்சலுக்குக் கூட்டிப்போவது போலக் காடுகாடாகக் கூட்டிப்போனாள், போகிற வழியில் அது திடீர் திடீரென்று நின்று, ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. அந்த இடத்தில் புல்லை விலக்கிப் பார்த்தால் ஒரு சாக்கு இருக்கும், அல்லது மக்கிப்போன சாக்கின் நூல் இருக்கும், அதன் கீழே குளிர்ந்த இருட்டு இருக்கும். தண்ணீர் வராமல் புகை வந்த போர்கள், குழாய் உருவிய போர்கள், மூடியாயிற்று என்று ஊர் கையெழுத்துப் போட்ட போர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, சஷ்டிகா காடு அதிரக் கத்தினாள்.

"இங்க ஒண்ணு தெறந்து கெடக்குது! இது யாரூட்டுதுங்க?"

சோளத்தட்டுக் குவியலுக்குப் பின்னால், வாழைக்கு நடுவில், கோயில் மேட்டுக்குப் பக்கத்தில் என்று அவள் குரல் கேட்ட இடத்திலெல்லாம் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். வையாபுரியின் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வந்ததும் பொட்டு அசையவே மறுத்தது. சஷ்டிகா கூப்பிட்டும் வராமல், புல்லில் மறைந்திருந்த போரின் வாயை வட்டமடித்து, வட்டமடித்து, விடிகாலையிலிருந்து வெயில் ஏறும்வரை அங்கேயே கிடந்தது. வையாபுரி வந்து சாட்டையால் தரையில் அடித்து இரண்டு பேரையும் விரட்டினார்.

அந்த வாரமே சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பேசியவர்கள் எல்லோரும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினார்கள். கேட்டால் கல்லும் கரையும்.

"பிள்ளைகுட்டி நடமாடற ஊருங்க இது," என்றார் வையாபுரி. "ஒரு குழி பாட்டுக்கு வீதியில திரியறதை நாம பாத்துட்டு இருக்க முடியுமுங்களா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? கான்கிரீட் ஊத்தி மூடிப்போடோணும்."

"அது யாரையும் ஒண்ணும் பண்ணலீங்களே," என்றாள் மைனாவதி. கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய ஒரே பெண்பிள்ளை அவள்தான்.

"நீயா அம்மிணி இதைச் சொல்றே?" என்றார் வையாபுரி. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் அவர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். "தொழில் தெரிஞ்சவன் நீதான். உன்ற கையாலயே ஊத்திப்போடு. உனக்கும் மனசு ஆறும்."

நாச்சிமுத்து ஒரு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, "சரிங்க" என்றான். அந்தக் குழி தன் வாசலில் கிடந்த ஒவ்வொரு நாளும் அவனுக்கு நரகமாக இருந்தது. மகளைப் பார்த்து அது ஓரத்தை ஆட்டுவதும், பெண்டாட்டி அதற்கு நெய்ச்சோறு போடுவதும், யாருமே மூடல என்று மகள் முதல்நாள் சொன்ன அந்த வார்த்தையும் சேர்ந்து அவனைத் தின்றுகொண்டிருந்தன. அது செத்தால்தான் தான் தூங்க முடியும் என்று நினைத்தான். பாவி, அப்படித்தான் நினைத்தான்.

சங்கடம் என்னவென்றால், பொட்டு சஷ்டிகா கூப்பிட்டால் மட்டும்தான் வரும். ஜல்லியும் சிமெண்டும் கலந்து வைத்துவிட்டு அவன் மகளிடம் வந்தான்.

"பொட்டுக்கு ஒரு மூடி செஞ்சு போடலாம் கண்ணு. மழ வந்தா தண்ணி போகாம நல்லா இருக்கும். கூப்பிடு பாக்கலாம்."

அப்பா தன்னோடு பேசியதே அவளுக்குப் பெரிய சந்தோஷம். சிரித்துக்கொண்டு, நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். பொட்டு புழுதியில் வழுக்கிக்கொண்டு வந்து, நாச்சிமுத்துவின் காலடியில், சிவப்புக் கயிற்றோடு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அவன் சட்டியைத் தூக்கிக் கொட்டினான். முதல் சட்டி விழுந்ததுமே சஷ்டிகாவுக்குப் புரிந்துவிட்டது, பாய்ந்து வந்து அவன் வலது மணிக்கட்டைக் கடித்தாள், ரத்தம் வரக் கடித்தாள், வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் அவளைப் பிய்த்து இழுத்துப்போனார்கள். குழி நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம், எத்தனையோ காடு இருந்தது, தடுக்கக்கூடியவர்கள் யாருமில்லை. அது ஓடவில்லை. ஒவ்வொரு சட்டியையும் அவன் கையிலிருந்து சோறு வாங்குவது போல வாங்கிக்கொண்டது. தளும்பி நின்ற கான்கிரீட்டின் ஓரத்தில் சிவப்புக் கயிறு பாதி புதைந்து வட்டமாகத் தெரிந்தது. நாச்சிமுத்து கரணையால் மேலே இழுத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டுப் படுத்தான். அன்றைக்கும் தூக்கம் வரவில்லை.

காலையில் பார்த்தால் வாசலில் கான்கிரீட்டும் இல்லை, குழியும் இல்லை, வெறும் மண்தான் இருந்தது. தொலைந்தது சனியன் என்று ஊர் மூச்சுவிட்டது. சஷ்டிகா பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், அம்மா ஊட்டினால் இரண்டு வாய் தின்றாள், அப்பா இருக்கிற பக்கம் திரும்பவே மாட்டாள். எச்சில் இலைகளை எங்கே கொட்டுவது என்று கொஞ்சநாள் எல்லோரும் தடுமாறினார்கள், அப்புறம் பழையபடி ஓடைக்கரையில் கொட்டினார்கள்.

தை மாதம் வையாபுரி தன் கடைசிப் பேரனுக்குக் காதுகுத்து வைத்தார். கிடா வெட்டி, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஊரையே அழைத்திருந்தார், நாச்சிமுத்து குடும்பத்தையும் அழைத்திருந்தார், போகாவிட்டால் தப்பாகிவிடும் என்று அவர்களும் ஓரமாக வந்து நின்றார்கள். தாய்மாமன் மடி தயாராக இருந்தது, ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையை மட்டும் காணோம். அவள் வைத்திருக்கிறாள் என்று இவளும், இவள் வைத்திருக்கிறாள் என்று அவளும் நினைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகுதான், எங்கிருந்தோ, மண்ணுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குழந்தையின் அழுகை கேட்டது, அந்த ஊர் ஏற்கெனவே கேட்டிருந்த அழுகை.

வையாபுரி நேராக சஷ்டிகாவிடம் ஓடிவந்தார். துண்டு எங்கோ விழுந்துவிட்டது.

"கண்ணு, சாமி, உன்ற பொட்டுவைக் கூப்பிடு கண்ணு. அதுக்குத்தான் எடமெல்லாம் தெரியும். எங்கன்னு காட்டச் சொல்லு."

"அதைத்தான் கொன்னுட்டீங்களே," என்றாள் சஷ்டிகா.

சொல்லிவிட்டு, அவர் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவளே மாட்டுக்கொட்டகையைக் காட்டினாள். பொட்டு அசையாமல் கிடந்த இடம் அதுதானே. நாச்சிமுத்து எல்லோருக்கும் முன்னால் ஓடினான். புல்லுக்கு நடுவில் போட்டிருந்த சாக்கு கிழிந்து உள்ளே போயிருந்தது, கருப்பாக வாய் தெரிந்தது. அவன் குப்புற விழுந்தான். அன்றைக்கு விழுந்தது மாதிரியே விழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மகள் கடித்த தழும்பிருந்த அந்த வலது கையை உள்ளே விட்டான், தோள் வரைக்கும் போகும், எதையும் தொடாது என்று தெரிந்தே விட்டான்.

கை முழங்கை போவதற்குள் சந்தனம் பூசிய மொட்டைத்தலை தட்டுப்பட்டது.

கொஞ்சநேரம் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையைத் தடவினான், கன்னத்தைத் தடவினான், ஈரமான கன்னம், அக்குளுக்குள் விரலைக் கொடுத்துத் தூக்கினான், பிள்ளை வேரோடு வருகிற கிழங்கு மாதிரி மண்ணும் சிராய்ப்புமாக வந்துவிட்டது. சுற்றிலும் சத்தம் வானத்தைப் பிளந்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு பந்தலுக்கு ஓடினார்கள், மேளம் அடித்தார்கள், யாரோ வெடிகூட வைத்தார்கள். நாச்சிமுத்து அப்படியே படுத்த வாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தான். அடியில்லாத அந்தப் போரில், ஒரு பிள்ளை நிற்கிற ஆழத்திலேயே, வழவழவென்று கரணையால் இழுத்த கான்கிரீட் தெரிந்தது, அதன் ஓரத்தில், பாதி புதைந்து, சிவப்புக் கயிறு வட்டமாகக் கிடந்தது.

மைனாவதி பின்னால் வந்து நின்றாள். அவளும் பார்த்தாள்.

"என்ற பையனுக்கு இப்படி ஒரு கல்லு கெடக்கலியே," என்றாள். "என்ற பையன் நிக்கறதுக்கு மட்டும் எடமில்லாமப் போச்சே." பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் அவள் அழுதது அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

சஷ்டிகா குனிந்து நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் கூப்பிட்டாள். கான்கிரீட் அசையவில்லை.

மறுநாளே ஊர் அந்த இடத்துக்குக் கம்பிவேலி கட்டி, மஞ்சள் பூசி, குழியம்மன் என்று பெயரும் வைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளையில்லாதவர்கள் தொட்டில் கட்டுகிறார்கள், வையாபுரி தன் செலவில் ஓர் உண்டியல் வைத்திருக்கிறார். பொங்கலைத் தின்றுவிட்டு, குறுக்குவழியாக, மற்ற போர்களின் சாக்குகளைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

நாச்சிமுத்து ரிக்குக்குத் திரும்பவில்லை. கொல்லையில் கிடந்த இரும்புத்தகட்டையெல்லாம் வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றான், எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. சஷ்டிகா வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். "மொதல்ல வாழைக்காட்டுக்குப் போலாம்ப்பா," என்றாள்.

பொட்டு படுத்துக் காட்டிய இடமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். காட்டுக்குச் சொந்தக்காரர்கள் திட்டினார்கள், திட்டுவதைக் கேட்டுக்கொண்டே அப்பாவும் மகளும் காட்டுக்குள் போனார்கள். ஒவ்வொரு குழியிலும் தகட்டைப் போடுவதற்கு முன்னால் நாச்சிமுத்து குப்புறப் படுப்பான், வலது கையைத் தோள் வரை உள்ளே விடுவான், விரல்களை விரித்து இருட்டுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவுவான். மகள் தகட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள், அவசரப்படுத்த மாட்டாள். கை எதையும் தொடாது. பிறகு எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மூடுவான்.